மோரிஸ் மைனரின் வலக்கை

நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் எழுபதுகளில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு எந்தக் கார் வந்தது என்றால், "பாய் வண்டிதானுங்க, வேறென்ன வண்டி?" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "அது ஒரு நாளும் வழியில நின்னதே கிடையாதுங்க" என்றும் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. நான் தவில்காரன். அந்தக் காருக்கு முன்னால் தவிலை மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் நடந்தவன். சேலம் ஜில்லாவிலேயே அதைப் போல அடிக்கடி வழியில் நின்ற கார் இன்னொன்று இருந்திருக்காது.

நின்றது ஊருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாமல் பார்த்துக்கொண்டது பாய்.

கடைவீதியில் அவருக்கு வெல்ல மண்டி. கார் ஓட்டுவது தொழில் இல்லை, ஆசை. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன மோரிஸ் மைனர் அது. உலக யுத்தம் முடிந்து சில வருஷத்தில் செய்த வண்டி. பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு நிறம், உருண்டையான முகம், மேல் கூரைக்குப் பதில் கெட்டித் துணி. துணியை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் திறந்த கார் ஆகிவிடும். அம்பாசிடர் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தாலும், மாப்பிள்ளை முகம் ஊருக்கே தெரிய வேண்டும் என்றால் இதைத்தான் கூப்பிட வேண்டும். கல்யாணத்துக்கு எடுக்கும்போது மட்டும் கைலியை மாற்றிப் பாண்டு போட்டுக்கொள்வார், தலையில் வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் அத்தர் தோய்த்த பஞ்சு. அத்தர் மாப்பிள்ளைக்கு. பயத்தில் வேர்த்துக் கொட்டுகிற பையன்களின் மணிக்கட்டில் அவரே தடவிவிடுவார்.

அவர் குணத்தைச் சொல்ல வேண்டுமானால் எடப்பாடியில் நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு கல்யாணம் முடிந்து எங்கள் மேளக் கோஷ்டியையும் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். என் அண்ணன் நாயனம், நான் தவில், ஒத்து ஊதுகிறவர் ஒருவர், தாளம் போடுகிறவர் ஒருவர். சின்னக் கார், ஐந்து பேர், மடியில் தவில். நெசவாளர் தெரு ஒன்றில் கார் செருமிவிட்டு அடங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இறங்கிப் போய் எதிரே இருந்த வீட்டு வாசலில் நின்றார். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"தறிச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுதுங்க. இருந்து ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் அவர்.

அந்த நெசவாளர் மனசு குளிர்ந்துபோய்விட்டது. அவர் நெய்வதைப் பார்க்க யாரும் அதுவரை காரில் வந்ததில்லை. உட்கார வைத்து மோர் கொடுத்து, தறியில் இருந்த சேலையின் முந்தானையைக் காட்டி, நூல் வாங்கிய கதையில் ஆரம்பித்துத் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாத கதை வரைக்கும் சொன்னார். கார் ஆறிவிட்டது. கிளம்பினோம். வழியில் நான், "எதுக்கு மாமா இப்படிப் புளுகறீங்க? வண்டி சூடாயிருச்சு, கொஞ்சம் தண்ணி கொடுங்கன்னா கொடுக்க மாட்டாரா?" என்று கேட்டேன். நான் எப்போதுமே கொஞ்சம் சிடுசிடுப்பு. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் எடப்பாடிப் பக்கம் எப்போது போனாலும், வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், அந்த வீட்டில் நிறுத்தாமல் வர மாட்டார். தம்பியோடு பேச வைத்ததும் அவர்தான். அவர் சொல்கிற காரணம் புளுகாக ஆரம்பித்தாலும் மெய்யாகத்தான் முடியும், அது அவருடைய ஜாதக விசேஷம்.

காரின் கோளாறு என்ன என்று அவரே ஒரு நாள் எனக்கு விளக்கினார். கோளாறே இல்லையாம். அந்தப் பழைய என்ஜினில் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி, ரேடியேட்டரில் காற்றுப் பட்டு ஆறி, தானாகக் கீழே இறங்க வேண்டும். வண்டி ஓடினால் காற்று வரும். சீமையில் குளிர், அங்கே அது போதும். நம் ஊரிலோ வைகாசி வெயிலில், மாப்பிள்ளையை உட்கார வைத்து, நாயனத்துக்குப் பின்னால், பட்டுச் சேலை கட்டிய பெண்கள் நடக்கிற வேகத்தில் ஓட்ட வேண்டும். எந்த வண்டிதான் தாங்கும்?

"அதுக்குக் கோவம் வருது மாப்ளே. வராதா பின்னே? நாலு காலில் ஓடறதுக்குப் பொறந்ததை நடக்க விட்டா?" என்பார்.

மாப்பிள்ளை வரும் வண்டி வழியில் நின்றால் எங்கள் பக்கத்தில் பேச்சு எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்றால் முடிந்தது. அந்தப் பெண் பிள்ளைபெற்றுப் பேரன் எடுத்தாலும் அந்தப் பேச்சு அவளை விடாது. இதற்குத்தான் அவர் ஒரு ஏற்பாடு செய்தார்.

மோரிஸ் மைனரில் இப்போது இருப்பது போல மினுக்கும் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால், உடம்போடு உடம்பாக, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னக் கை மடங்கிக் கிடக்கும். திரும்பும்போது டாஷ்போர்டில் பொத்தானைத் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை டக்கென்று வெளியே நீளும். உள்ளே ஆரஞ்சு விளக்கு எரியும். கிராமத்தில் பெரியவர்கள்கூட அதைப் பார்க்கக் காருக்குப் பக்கத்திலேயே நடந்து வருவார்கள். அவர் எங்களோடு பேசி வைத்துக்கொண்டது இதுதான்: இடக்கை நீண்டால் கோஷ்டி நின்று ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். வலக்கை நீண்டால் பெரிதாக வாசிக்க வேண்டும். அண்ணன் ராகத்தை எடுத்து விஸ்தாரமாக ஆலாபனை செய்து, கீர்த்தனை வாசித்து, அதற்குப் பின் எனக்குத் தனி, தவில் மட்டும். அதற்குள் என்ஜின் ஆறிவிடும். ஜனங்கள் எங்களைச் சுற்றி வட்டம் கட்டிவிடுவார்கள், காரை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. தவில் என்ன பஞ்சு மூட்டையா? ஒரு மைல் நடப்பதற்குள் மூன்று தரம் வலக்கை நீண்டால் தோள்பட்டை என்ன ஆவது? திட்டிக்கொண்டேதான் வாசிப்பேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மற்ற கோஷ்டிகளில் தவில்காரனுக்குத் தெருவில் தனி வாசிக்க நேரம் கொடுக்க மாட்டார்கள், சாப்பாடு ஆறிவிடும் என்று விரட்டுவார்கள். எனக்கு வாரத்துக்கு நாலு தனி கிடைத்தது. எருமப்பட்டியில் இருந்து பனமரத்துப்பட்டி வரைக்கும் என் கைக்குப் பேர் வந்தது. அந்தப் பேரை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு சீமைக் காரின் ரேடியேட்டர். இதை என் அண்ணன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

இன்னொன்றும் உண்டு. பனமரத்துப்பட்டியில் ஏரிக்கரைத் தெருவில் ஒரு ஊர்வலம். நடந்துகொண்டே வாசிக்கும்போது என் தவிலின் வார் அறுந்தது. நல்ல கூட்டம், பெண் வீட்டார் வேறு சங்கீதம் தெரிந்தவர்கள். தவில் கீழே விழாமல் முழங்காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்தேன், வாசிக்க முடியவில்லை. உடம்பெல்லாம் கூசியது. திரும்பிப் பார்த்தேன், காரின் வலக்கை நீண்டிருந்தது. என்ஜின் அப்போதுதான் கிளம்பியிருந்தது, சூடே இல்லை. அண்ணன் புரிந்துகொண்டு நின்று தோடியை ஆலாபனை செய்ய ஆரம்பித்தான். ஆலாபனைக்குத் தவில் வேண்டாம் அல்லவா? நான் ஓரமாக உட்கார்ந்து வாரை முடிந்துகொண்டேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை, ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அப்புறம் நான் அவரைத் திட்டியதில்லை. கொஞ்சம் குறைத்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி.

இப்படி வருஷம் போகப்போக, பாய் வண்டி நிற்காது என்கிற பேர் ஊன்றிப்போய்விட்டது. அந்தப் பேரே ஒரு நாள் அவர் கழுத்தைப் பிடித்தது.

எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் இருந்து ஒரு அம்மா மண்டிக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். புருஷன் இல்லாதவர்கள், தோட்டமும் ஒரே மகளும். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த மகளை நிச்சயம் செய்ய ஒரு மாப்பிள்ளை வீட்டார் வில்வண்டியில் வந்திருக்கிறார்கள். ஊர் எல்லையில் வண்டியின் அச்சு முறிந்துவிட்டது. சகுனம் சரியில்லை என்று வாசலைக்கூட மிதிக்காமல் திரும்பிப் போய்விட்டார்கள். அதிலிருந்து அந்தப் பெண்ணுக்கு, வண்டி நின்ற பெண் என்றே பேர். கேட்டு வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போதுதான் நாமக்கல்லில் லாரி ஓட்டுகிற ஒரு பையன், பெண்ணைக் கோயிலில் பார்த்து, இவளைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். அவனுடைய பெரியப்பாவுக்குத் துளியும் சம்மதமில்லை. வழியில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும், பையனை இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

"ஏனுங்ணா, உங்க வண்டி நிக்காதுங்களே?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா அழுதுவிட்டார்கள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெல்ல உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம், கடைவீதிக் கோடியில் இன்னொருவரிடம் புதிதாக ஒரு கார் இருக்கிறது, திடமான வண்டி, அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டார்கள். அது போன மாசம் மோகனூர் ரோட்டில் நின்றுவிட்டதாம். அதன் சொந்தக்காரர் யோக்கியர், நின்றதை எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஊரில் இருந்த நல்ல வண்டிகள் எல்லாம் ஏதோ ஒரு நாள் நின்று கெட்ட பேர் எடுத்திருந்தன. தினமும் நின்ற இது ஒன்றுதான் உத்தமன்.

"நிக்காதுங்க அம்மணி. தைரியமாப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மா போனதும் நான் குதித்தேன். என்ன நினைப்பில் வாக்குக் கொடுத்தீர்கள், அந்தப் பெண்ணின் வாழ்க்கை உங்களுக்கு விளையாட்டாகப் போய்விட்டதா என்று கேட்டேன். நிற்கும் என்று சொன்னால் அந்த அம்மா எந்த வண்டியைத் தேடிப் போவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அந்தக் கல்யாணத்துக்கு அவர் தயாரான மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. சேலத்தில் இருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்து ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். ரப்பர் குழாய்களுக்கு மேல் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார். பாதையை முந்தின நாளே போய்ப் பார்த்து எங்கெங்கே நிழல், எங்கெங்கே வலக்கை என்று எனக்குச் சொல்லி வைத்தார். அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு: காரின் முகத்தில் பூ கட்டக் கூடாது. கதவில் கட்டு, பின்னால் கட்டு, முகத்தில் கட்டினால் அதற்கு மூச்சு முட்டும் என்பார்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஊருக்கு வெளியே பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை காரில் ஏறினான். வெயில் இன்னும் இறங்கவில்லை. மாப்பிள்ளையின் அக்காமார்கள் தாம்பாளத்தோடு வந்து, தொடை தடிமனுக்கு ஒரு மல்லிகை மாலையை, நேரே காரின் முகத்தில் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். அவர் வாயைத் திறந்து மூடினார். மாலையை அவிழ் என்று எப்படிச் சொல்வது? அதற்கு மேல் பெரியப்பா வந்தார். கட்டை மீசை, கையில் குடை.

"பாய், மேளமெல்லாம் நடந்துக்கிட்டே அடிக்கட்டுமுங்க. வழியில எங்கயும் நிக்கக் கூடாது. இந்த ஊருப் பாதை எப்படிப்பட்டதுன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார்.

அவர், "சரிங்க" என்றார். நான் தவில் வாரை இறுக்கிக்கொண்டேன்.

நடந்தோம். நான் வாசித்தேன் என்றா நினைக்கிறீர்கள்? கை வாசித்தது, கண் முழுக்கப் பின்னால்தான். முதல் நிழலைத் தாண்டினோம். இரண்டாவது நிழலையும் தாண்டினோம். கை நீளவில்லை. மல்லிகை வாசனையோடு வேறு ஒரு வாசனை வர ஆரம்பித்தது, பூ வேகிற வாசனை. பெரியப்பா காருக்குப் பக்கத்திலேயே குடையை ஊன்றி ஊன்றி நடந்து வந்தார். ஊர் எல்லையில் ஒரு கிணறு. முன்பு அந்த வில்வண்டி அச்சு முறிந்த இடம் அதேதான், அந்த ஊர்க்காரர்கள் அந்த இடத்தைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திவிட்டார்கள். சரியாக அங்கே வந்ததும் கார் ஒரு தடவை இருமியது. அப்புறம் சத்தமே இல்லை.

வலக்கை நீண்டது.

அண்ணன் நின்றான், நாயனத்தின் சீவாளியை நனைத்துக்கொண்டு ராகத்தை எடுத்தான். ஆனால் இந்தத் தடவை ஒருவரும் வட்டம் கட்டவில்லை. அத்தனை பேரும் காரைத்தான் பார்த்தார்கள். பெரியப்பா குடையை மடக்கினார்.

"ஏனுங்க, வண்டி ஏன் நின்னுச்சு?"

அவர் அவசரமே இல்லாமல் கதவைத் திறந்து இறங்கினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். காது ஓரத்தில் வேர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"பொண்ணு ஊரு எல்லை இதுதானுங்களே. மாப்பிள்ளை மாட்டு வண்டியில வந்தா மாட்டுக் காலுக்குத் தண்ணி ஊத்தித்தானுங்க ஊருக்குள்ள விடுவீங்க? காருலயும் அதேதானுங்க முறை. தண்ணி ஊத்தாம எல்லை தாண்டினா நல்லா இருக்காது. இதுக்கு மாடு உள்ளார இருக்குதுங்க, பானெட்டத் தொறந்துதான் ஊத்தணும்" என்றார்.

நான் தவிலைப் பிடித்துக்கொண்டு பூமியைப் பார்த்தேன். அவர் சொன்னது அந்த நிமிஷத்தில் அவர் வாயில் பிறந்த முறை. எந்த ஊரிலும் கிடையாது. பெரியப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. எத்தனையோ கார் கல்யாணம் பார்த்திருப்பதாகவும், இப்படி ஒரு முறையைக் கேள்விப்பட்டதே இல்லை என்றும் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை பக்கம் திரும்பி, இறங்குடா என்கிற மாதிரிக் கையைத் தூக்கினார்.

மாப்பிள்ளை இறங்கவில்லை. அவன் லாரி டிரைவர், அதை மறந்துவிடாதீர்கள். என்ஜின் கொதிக்கிறது என்பது அவனுக்கு முதல் நிழலிலேயே தெரிந்திருக்கும். மாலைக்குள் இருந்து முகத்தை மட்டும் நீட்டி நிதானமாகச் சொன்னான்:

"நம்ம லாரிக்காரங்க கல்யாணத்துல எல்லாம் இந்த முறை உண்டுங்க பெரியப்பா. பெரிய மனுசங்க கையாலதான் மொதல்ல ஊத்தணும். நீங்களே ஆரம்பிச்சு வைங்க."

பெரியப்பா தூக்கிய கை அப்படியே நின்றது. பெரிய மனுஷர் என்று சொன்ன பின் எப்படி மறுப்பது? அதற்குள் பெண் வீட்டுப் பெண்கள் கிணற்றில் இறைத்து, மஞ்சள் கரைத்து, சொம்பு சொம்பாகக் கொண்டுவந்துவிட்டார்கள். பாய் காரின் முகத்து மாலையைப் பக்தியோடு கழற்றிக் கண்ணில் ஒற்றி மாப்பிள்ளையின் மடியில் வைத்தார். பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கவே இல்லை, அதைத் திறந்தால் கொதிநீர் பீறி அடிக்கும். வெளித்தகட்டில் மட்டும், மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும் என்று எல்லோரிடமும் பணிவாகச் சொன்னார். பெரியப்பா முதல் சொம்பை ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்து அவர் மீசை வரைக்கும் வந்தது. மஞ்சள் வாசனை. யாரோ ஒரு பெண் குலவை போட்டாள், உடனே எல்லாப் பெண்களும் போட்டார்கள். என் அண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டினான். நான் தனியை ஆரம்பித்தேன்.

என் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் காரை விட்டு என் பக்கம் வந்தது. பெரியப்பாவே தாளம் போட ஆரம்பித்துவிட்டார். விரலில் மாட்டியிருந்த கூடு கழன்று விழுந்துவிடுமோ என்கிற வரைக்கும் வாசித்தேன். பாய் காரில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்ததும் நான் கிட்டத்தில் போய் நின்றுகொண்டே வாசித்தேன். அவர் அவசரத்தில் ஒரு குமிழைப் பிடித்து இழுக்கப் போனார். பின் சீட்டில் இருந்து மாப்பிள்ளை, உதடு அசையாமல், "சோக்கை இழுக்காதீங்க மாமா, சூட்டுல அடைச்சுக்கும்" என்றான். அவர் கையை எடுத்தார். ஸ்டார்ட்டரை இழுத்தார். ஒரு தரம் முனகியது. இன்னொரு தரம் முனகியது. அப்புறம் பிடித்துக்கொண்டது.

பெண்ணின் அம்மா பந்தல் வாசலில் நின்றிருந்தார்கள். கார் சத்தம் கேட்டதும் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் தாலி ஏறிய பின் பந்திக்குக்கூட வராமல் அவர் காரிலேயே உட்கார்ந்திருந்தார். இலையை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். "இத்தனை பேரை வச்சுக்கிட்டு, சாமி காரியத்துல, இல்லாத ஒரு முறையைச் சொல்லிட்டேனே மாப்ளே" என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சாப்பாடு ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்று அதட்டினேன்.

அடுத்த முகூர்த்தத்தில் வேடிக்கை ஆரம்பித்தது. வேறு ஊர், வேறு கல்யாணம். எல்லைக்கு வந்ததும் பெண்கள் மஞ்சள் தண்ணீரோடு காத்துக்கொண்டிருந்தார்கள். காருக்கு ஊற்ற வேண்டுமாம், முறையாம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதற்கு அடுத்த வருஷம் அம்பாசிடருக்கு ஊற்றினார்கள், ஜீப்புக்கு ஊற்றினார்கள், ஒரு ஊரில் புது டிராக்டருக்கு ஊற்றியதை என் கண்ணால் பார்த்தேன். எங்கெல்லாம் ஊற்றினார்களோ அங்கெல்லாம் மேளம் நின்று வாசிக்க வேண்டும், தவிலுக்குத் தனி வேண்டும். மற்ற தவில்காரர்கள் எல்லாம் என்னைக் கரித்துக்கொட்டினார்கள். இது எத்தனை தலைமுறையாக இருக்கிற வழக்கம் என்று ஒரு பெரியவர் எனக்கே விளக்கம் சொன்னார். நான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் மோரிஸ் மைனர் மண்டிக்குப் பின்னால் துணி போர்த்திக்கொண்டு ஓய்வெடுத்தது. அவரும் ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். அப்போது அந்தப் பெண்ணின் கொழுந்தனாருக்குக் கல்யாணம் வைத்தார்கள். வண்டி நின்ற பெண் என்கிற பேரெல்லாம் போன இடம் தெரியவில்லை. இரண்டு லாரிக்குச் சொந்தக்காரி, அந்த வீட்டில் அவள் சொல்வதுதான் சட்டம். மண்டிக்கே வந்து அவரை வற்புறுத்திக் கூட்டிப் போய், மாப்பிள்ளை காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தாள். புத்தம் புதுச் சின்னக் கார், வெள்ளை. கண்ணாடி முழுக்க ஏற்றிவிட்டு உள்ளே குளிர்காற்று.

எல்லைக்கு வந்தோம். டிரைவர் சின்ன வயசு, நிறுத்துகிற மாதிரித் தெரியவில்லை. இந்த வண்டியெல்லாம் சூடாகாது, எதற்கு பானெட்டைத் திறக்க வேண்டும் என்று முன்னாலேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அந்தக் காரில் நீளுகிற கையும் கிடையாது. எங்கே நிற்பது என்று தெரியாமல் நான் திரும்பிப் பார்த்தேன். இடப்பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு வயசான இடக்கை வெளியே நீண்டது. அவர் கைதான்.

நின்றோம். டிரைவரும் வேறு வழியில்லாமல் நிறுத்தினான். அவள் சொம்போடு முன்னால் வந்து, பானெட்டைத் திறக்கச் சொல்லி, தன் கையாலேயே ஊற்றினாள். அண்ணன் சின்னதாக ஒரு பாட்டை ஆரம்பித்தான், இடக்கைக்கு அதுதானே கணக்கு. அவள் காலிச் சொம்போடு ஜன்னலுக்கு வந்து குனிந்தாள்.

"சூடு ஆறிருச்சுங்களா மாமா?" என்று கேட்டாள்.

அவர் அவளையே பார்த்தார்.

"எங்க ஊட்டுக்காரரு கல்யாணத்தன்னிக்கு ராத்திரியே எல்லாஞ் சொல்லிட்டாருங்க. வலக்கை நீண்டப்புறந்தான் தனி வந்துச்சாமே. அதையும் நீட்டுங்க மாமா, நான் கேக்கணும்."

இடப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டு வலக்கையை எப்படி நீட்டுவது? மனுஷர் உடம்பு முழுக்கத் திரும்பி, தொப்பி கோணிக்கொண்டு, இடக்கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்க ஜன்னல் வழியாக வலக்கையைத் தோள் வரைக்கும் வெளியே நீட்டினார். கண்ணில் இருந்து தாரை தாரையாக வழிகிறது, துடைக்க ஒரு கை மிச்சமில்லை. அண்ணன் நாயனத்தைக் கீழே இறக்கி எனக்கு வழி விட்டான்.

அந்த வண்டியின் என்ஜினில் சூடே இல்லை. அவர் கையை மடக்குகிற வரைக்கும் நான் வாசித்தேன்.